நடுக்கடலில் நின்ற கப்பல்

(ஒரு நூலகத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆகாய விமானம் ஒன்று ஆபத்துக்குள்ளாகி நீரில் இறங்கிற்று, அதிலிருந்த அத்தனை பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள் என்று ஒரு செய்தி வந்தால், அதைப் படித்த மாத்திரத்தில் நம் நாவில் எழுகிற சொல் ‘அற்புதம்’ என்பதுதான். அந்தச் சொல்லில் குறை காண நான் இங்கே வரவில்லை. மரணத்தின் வாசல் வரை சென்று மீண்டவர்களைப் பார்க்கும்போது நெஞ்சம் நெகிழ்ந்து இறைவனை நினைப்பது மனித இயல்பு; நல்ல இயல்பும்கூட. ஆயினும், அற்புதம் என்று சொல்லிக் கைகூப்பிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோமானால், அந்த உயிர்களைக் காப்பதற்காக அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே உழைத்தவர்களை, விழித்திருந்தவர்களை, பிறர் கண்ட துன்பத்திலிருந்து பாடம் கற்று அதை மறவாமல் வைத்திருந்தவர்களை நாம் காணாமலே போய்விடுவோம். அவர்களை உங்கள் கண்முன் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்பதே இன்றைய என் பேச்சின் நோக்கம். அதற்கு 1956-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பசிபிக் சமுத்திரத்தின் நடுவே நிகழ்ந்த ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்கிறேன்.

சம்பவத்துக்குள் போவதற்கு முன், விமானம் நீரில் இறங்குவது என்றால் என்ன என்பதைச் சற்றே யோசித்துப் பார்ப்போம். நீர் மிருதுவானது என்று நாம் நினைக்கிறோம். குளத்துப் படியில் உட்கார்ந்து கையால் அளைகிறவனுக்கு அது மிருதுவானதுதான். ஆனால் கிணற்று மேட்டிலிருந்து குதிக்கும்போது வயிறு தட்டையாக நீரில் பட்டுவிட்ட பையனைக் கேட்டுப் பாருங்கள். அறைபட்டதுபோல் சிவந்த தோலைக் காட்டி, நீர் எவ்வளவு கடினமானது என்பதை அவன் சொல்லுவான். நீர் விலகிக் கொடுப்பதற்கு அவகாசம் வேண்டும்; அந்த அவகாசத்தைக் கொடாத வேகத்தில் வந்து விழுகிற பொருளுக்கு நீரும் பாறையும் ஒன்றே. அன்றியும், வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் வலிமை நான்கு மடங்காகிறது. ஆதலால் நீரில் இறங்க நேர்ந்த விமானி முதலில் நாடுவது, விமானம் ஆகாயத்தில் தரித்து நிற்பதற்கு இன்றியமையாத வேகத்துக்கு மேல் சிறிதும் இல்லாதபடி அதைக் குறைத்துக்கொள்வதைத்தான்.

இத்துடன் கடல் தரை போலச் சமமாகவும் இருப்பதில்லை. அந்தந்த நேரத்துக் காற்றால் எழும்பி அடங்குகிற சிற்றலைகள் ஒருபுறமிருக்க, எங்கோ தொலைதூரத்தில் வீசிய புயலில் பிறந்து, நூற்றுக்கணக்கான மைல் உருண்டு வருகிற நெடிய ஏற்றமும் இறக்கமும் திறந்த கடலில் எப்போதும் உண்டு. வரப்புகள் வரிசையாகக் கிடக்கிற வயலில் வண்டியைக் குறுக்கே ஓட்டுவதற்கும் வரப்போடு ஒட்டி ஓட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தை நாம் அறிவோம். அதுபோலவே விமானியும் அந்த நெடிய அலைகளின் முகட்டுக்கு இணையாக இறங்க வேண்டும். குறுக்கே இறங்கினால் எதிரே எழும்புகிற நீர்ச்சுவரில் மூக்கு புதைந்துவிடும். இணையாக இறங்கினாலும், இரண்டு இறக்கைகளில் ஒன்று மற்றதற்கு முந்தி நீரைத் தொட்டுவிட்டால் விமானம் பம்பரம்போல் சுழன்றுவிடும். இவ்வளவையும் ஒருமுறைதான் செய்ய முடியும். தவறிப் போயிற்று, மறுமுறை பார்ப்போம் என்பதற்கு இடமே இல்லை.

இனி அந்தக் கப்பலைப் பற்றிச் சொல்லுகிறேன். நம் மொழியிலே ‘கலங்கரை விளக்கம்’ என்று ஓர் அழகிய சொல் இருக்கிறது. கடலில் செல்லும் கலங்களைக் கரைக்கு அழைக்கும் விளக்கு என்பது அதன் பொருள். கரை இருக்குமிடத்தில் விளக்கு வைக்கலாம். கரையே இல்லாத நடுச் சமுத்திரத்தில் எங்கே வைப்பது? இந்தக் கேள்விக்கு விடையாகத் தோன்றியவையே ‘சமுத்திர நிலையங்கள்’ என்று சொல்லப்பட்ட கப்பல்கள். 1940-ஆம் ஆண்டிலே, யுத்தத்தின் காரணமாக வணிகக் கப்பல்கள் வானிலைச் செய்தி அனுப்புவதை நிறுத்திவிட்டபோது, அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் கப்பல்கள் அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவே போய் நின்று காற்றையும் மேகத்தையும் அளந்து சொல்லத் தொடங்கின. யுத்தம் முடிந்து, பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு விமானங்கள் சமுத்திரங்களைத் தாண்டத் தொடங்கியதும், பல தேசங்கள் கூடி உடன்படிக்கை செய்துகொண்டு இந்த நிலையங்களைத் தொடர்ந்து நடத்தலாயின.

அக்கப்பல்களில் இருந்தவர்களின் வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, நாட்கணக்கில் பயணம் செய்து, கடலில் குறித்த ஓரிடத்துக்கு வந்து சேர்வார்கள்; வந்து சேர்ந்த பின் போவதற்கு ஓரிடமும் இல்லை. ஏறத்தாழ மூன்று வாரம் அந்தச் சதுரத்தை விட்டு விலகாமல், அலையிலே ஆடிக்கொண்டு நிற்க வேண்டும். பலூன்களைப் பறக்கவிட்டு மேல்காற்றின் போக்கை அளப்பார்கள். தலைக்கு மேலே பறந்து செல்லும் விமானங்களுக்கு வானொலி மூலம் அவை இருக்குமிடத்தைச் சொல்லுவார்கள். பிறகு மறுபடியும் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு விமானமும் அவர்களிடம் உதவி கேட்காமலே மாதங்கள் கழியலாம், வருஷங்களும் கழியலாம். பயன்படாத பொழுதே பெரும்பொழுதாக அமைந்த ஒரு பணியை முகம் சுளிக்காமல் செய்வதற்கு எத்தகைய மனம் வேண்டும்!

அந்தக் காத்திருப்பு வீண் அல்ல என்பது 1947-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதி உலகுக்குத் தெரிந்தது. ‘பெர்முடா ஸ்கை குயின்’ என்ற பறக்கும் படகு, 69 பேருடன் அயர்லாந்திலிருந்து நியூஃபவுண்ட்லாந்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது, எதிர்பார்த்ததைக் காட்டிலும் பலமான எதிர்க்காற்று வீசியதால், எரிபொருள் முன்னே போவதற்கும் பற்றாமல் பின்னே திரும்புவதற்கும் பற்றாமல் ஆயிற்று. 26 வயதே நிரம்பிய அதன் தலைவர் சார்லஸ் மார்ட்டின், வழியிலே நின்ற ‘பிப்’ என்ற நிலையக் கப்பலை நாடித் திரும்பி, பனை உயரத்துக்கு எழுந்து விழுந்துகொண்டிருந்த அலைகளின் நடுவே விமானத்தை இறக்கினார். அந்தக் கொந்தளிப்பில் மீட்புப் படகை விமானத்தின் அருகே கொண்டுபோவதே பெரும்பாடாயிற்று. ரப்பர் மிதவைகளில் சிலர் சிலராக ஏற்றி, இரவு குறுக்கிட்டதால் இடையே நிறுத்தி, மறுநாள் மீண்டும் தொடர்ந்து, 69 பேரையும் ஒருவர் குறையாமல் கப்பலில் சேர்த்தார்கள். செலவு அதிகம் என்று சமுத்திர நிலையங்களைக் குறைத்துவிடலாமா என ஆலோசித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த 69 உயிர்களே அவ்வாலோசனைக்குப் பதிலாக அமைந்தன.

இப்போது நம் சம்பவத்துக்கு வருவோம். 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி இரவு, பான் அமெரிக்கன் நிறுவனத்தின் ஆறாம் எண் விமானம் ஹொனலூலுவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் புறப்பட்டது. உலகைச் சுற்றிவந்த ஒரு நெடும் பயணத்தின் கடைசிக் கட்டம் அது. போயிங் நிறுவனம் செய்த ‘ஸ்ட்ராட்டோகுரூஸர்’ என்ற வகை, நான்கு இயந்திரங்கள், ஒவ்வோர் இயந்திரத்திலும் 28 சிலிண்டர்கள், மேல் தட்டில் இருக்கைகள், கீழ்த் தட்டில் பிரயாணிகள் கூடிப் பேசிக்கொண்டிருக்க ஒரு சிறு அறை என்று, அக்காலத்துச் செல்வச் செழிப்பெல்லாம் திரண்ட விமானம். பிரயாணிகள் 24 பேர், பணியாளர் 7 பேர், ஆக 31 பேர். அவர்களில் சிறு குழந்தைகளும் இருந்தார்கள். தலைமை விமானியின் பெயர் ரிச்சர்ட் ஆக்.

நள்ளிரவு தாண்டியது. நீண்ட கடற்பயணத்தில், திரும்பிப் போனாலும் முன்னே போனாலும் ஒரே நேரம் பிடிக்கும் ஓரிடம் உண்டு; அந்த இடத்தையும் கடந்தாயிற்று. விமானம் 21,000 அடி உயரத்துக்கு ஏறி நிலைகொள்கிற வேளையில், இடதுபுறக் கோடியிலிருந்த முதல் இயந்திரத்தின் சுழலி கட்டுமீறிச் சுழலத் தொடங்கியது. சுழலியின் அலகுகள் காற்றை எந்தக் கோணத்தில் வெட்ட வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்துகிற ஒரு பொறி உண்டு. அது பழுதுபட்டால், இயந்திரம் சுழலியைச் சுற்றுவது போய், எதிரே வரும் காற்று சுழலியைச் சுற்றத் தொடங்கிவிடுகிறது. அது அளவுக்கு மீறிச் சுழன்று பிய்த்துக்கொண்டு பறந்து, விமானத்தின் உடலையே பிளந்துவிடக்கூடும். அத்தகைய சமயத்தில் அலகுகளைத் திருப்பி அவற்றின் விளிம்பைக் காற்றுக்குக் காட்டிவிட்டால் சுழற்சி நின்றுபோகும். அன்று அலகுகள் திரும்ப மறுத்தன. விமானி வேகத்தைக் குறைத்தார். எண்ணெய் போகும் வழியை அடைத்து இயந்திரத்தையே இறுகிப்போகச் செய்தார். இயந்திரம் நின்றது, சுழலியோ அதனினின்றும் விடுபட்டுக் காற்றில் தன்போக்கிலே சுற்றிக்கொண்டிருந்தது. ஓடுகிற படகில் துடுப்பைக் குறுக்கே நிறுத்திப் பிடித்தால் என்ன ஆகும் என்பது படகோட்டிகளுக்குத் தெரியும். அவ்வாறே அந்தச் சுழலி காற்றைத் தடுத்து விமானத்தைப் பின்னுக்கு இழுத்தது.

உயரம் குறையலாயிற்று. மற்ற மூன்று இயந்திரங்களையும் கடுமையாக முடுக்கித்தான் விமானத்தைத் தாங்கிப் பிடிக்க முடிந்தது; அந்தப் பாரத்தைச் சுமக்க முடியாமல், வலதுபுறக் கோடியிலிருந்த நான்காம் இயந்திரமும் பலவீனமடைந்து, பின்னிரவில் முற்றிலும் நின்றுபோயிற்று. இழுவை அதிகமாகிவிட்டதால் எரிபொருள் விரயமாகியது; சான் பிரான்சிஸ்கோவையும் எட்ட முடியாது, ஹொனலூலுவுக்கும் திரும்ப முடியாது. கீழே இருள் கவிந்த சமுத்திரம். நாற்புறமும் ஆயிரம் மைல் அளவில் கரை என்பதே இல்லை.

ஆனால் அங்கே ஒரு கப்பல் நின்றது! ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் ஏறக்குறைய நடுவழியில், ‘நவம்பர்’ என்று பெயரிட்ட சமுத்திர நிலையத்தில், ‘பாண்ட்சர்ட்ரெயின்’ என்ற கடலோரக் காவற்படைக் கப்பல், வில்லியம் எர்ல் என்பவரின் தலைமையில் தன் காவலைச் செய்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்திலுள்ள ஓர் ஏரியின் பெயர் அதற்கு இடப்பட்டிருந்தது. ஏரியின் பெயர் தாங்கிய சிறு கப்பல் ஒன்று, மகாசமுத்திரத்தின் நட்டநடுவே, இன்னார் வருவார் என்று அறியாமலே அந்த 31 பேருக்காகக் காத்திருந்தது.

செய்தி கிடைத்ததும் கப்பலில் உறங்கியவர் எல்லாரும் எழுந்தார்கள். ஒளிக்குண்டுகளை ஆகாயத்தில் எய்து தாங்கள் நிற்குமிடத்தைக் காட்டினார்கள்; உடனே இறங்க வேண்டிவந்தால் விமானிக்கு வழி தெரியவேண்டுமே என்று, நீரில் மிதக்கும் மின்விளக்குகளை வரிசையாக இட்டு, கறுத்த கடலின்மேல் ஒரு பாதை வகுத்தார்கள். விமானம் வந்து சேர்ந்தது. எல்லாம் ஆயத்தமாயிருந்தன.

அன்பர்களே, இந்தச் சம்பவத்தில் என் மனத்தை எல்லாவற்றிலும் அதிகமாகக் கவர்ந்தது அதற்கடுத்து நடந்ததுதான். ஆபத்திலிருப்பவனுக்கு ஓர் அபயம் கண்ணில் பட்டவுடன் ஓடிப்போய் அதைப் பற்றிக்கொள்ளவே தோன்றும், அது இயற்கை. கீழே கப்பல் நிற்கிறது, விளக்கு எரிகிறது, மேலே இரண்டே இயந்திரங்கள் ஓடுகின்றன, அவையும் எப்போது நிற்குமோ என்ற அச்சம் இருக்கிறது. அந்த நிலையில் விமானி ஆக் இறங்கவில்லை. 2,000 அடி உயரத்துக்கு வந்து, மிச்சமிருந்த இரண்டு இயந்திரங்களைக் கொண்டே விமானம் நிலைத்துப் பறக்க முடிகிறது என்பதைக் கண்டுகொண்டு, விடியட்டும் என்று முடிவு செய்து, கப்பலைச் சுற்றிச் சுற்றி வட்டமிட்டார். இருட்டில் அலையின் உயரத்தைக் கண்ணால் அளக்க முடியாது. மிதவையிலிருந்து தவறி நீரில் விழுந்த ஒருவரைத் தேடிக் காணவும் முடியாது. விடிந்தால் இரண்டும் முடியும். அன்றியும், சுற்றச் சுற்ற எரிபொருள் எரிந்து தீரும். பாரம் குறையக் குறைய விமானம் மெதுவாக இறங்கலாம். தீப்பற்றும் அபாயம் குறையும். காலியான தொட்டிகள் காற்றடைத்த குடங்கள்போல் விமானத்தைச் சற்று நேரம் மிதக்கவும் வைக்கும். பயந்தவனுக்கு ஒவ்வொரு வட்டமும் ஒரு யுகமாகவே தோன்றியிருக்கும். நிதானமுள்ளவருக்கு ஒவ்வொரு வட்டமும் ஓர் இலாபமாயிற்று.

அந்த மணிகளில் உள்ளேயிருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். மடியில் குழந்தையோடு ஒரு தாய் உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் இருட்டு. விமானம் சாய்ந்து திரும்பும்போது மட்டும் அடியிலே ஒரு கப்பலின் விளக்குப் புள்ளிகள் தெரிந்து, பிறகு இறக்கையின் அடியில் மறைந்துவிடுகின்றன. மறுபடியும் தெரிகின்றன, மறுபடியும் மறைகின்றன. அவளிடம் உண்மையை மறைக்கவில்லை. கடலில் இறங்கப் போகிறோம், விடிந்ததும் இறங்குவோம் என்று விமானி எல்லாருக்கும் சொல்லிவிட்டார். மிதவைச் சட்டையை எப்படி அணிவது, அதிர்ச்சி வரும்போது எப்படிக் குனிந்து தலையைக் காப்பது, எந்த வாசல் வழியே யார் முதலில் போவது, மிதவைகளை வெளியே தள்ளுவதற்குப் பிரயாணிகளில் யார் யார் கைகொடுப்பது என்பதையெல்லாம் விமானப் பணிப்பெண்கள் நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். உண்மையைச் சொல்லி, செய்வதற்கு ஒரு வேலையையும் கொடுத்துவிட்டால், மனிதர் அச்சத்தை அடக்கி ஆளுகிறார்கள் என்பதற்கு அந்த இரவு ஒரு சாட்சி.

இங்கே இன்னொரு செய்தியை நான் சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தின வருஷம், 1955-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆம் தேதி, இதே நிறுவனத்தின் இதே வகை விமானம் ஒன்று, இயந்திரம் ஒன்று பிய்ந்து விழுந்ததால், ஓரிகன் மாநிலத்தின் கரைக்கு அப்பால் பசிபிக் சமுத்திரத்தில் இறங்க நேர்ந்தது. அதிலிருந்த 23 பேரில் 4 பேர் மாண்டார்கள். நீரில் மோதியபோது அந்த விமானத்தின் வால்புறம் ஒடிந்துபோயிற்று. ரிச்சர்ட் ஆக் அதை மறக்கவில்லை. ஆதலால், வட்டமிட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில், பின்புறம் உட்கார்ந்திருந்த பிரயாணிகளை எல்லாம் எழுப்பி முன்பக்கம் கொண்டுவந்து உட்கார வைத்தார். ஓரிகன் கடலில் மாண்ட அந்த நால்வருக்கும், பிழைத்து வந்து நடந்ததை நடந்தபடி சொன்ன மற்றவர்களுக்கும் இந்த 31 பேர் கடமைப்பட்டவர்கள். விபத்தில் இறந்தவர்களுக்கு நாம் செய்யக்கூடிய சிறந்த நீத்தார் கடன், அவர்கள் எப்படி இறந்தார்கள் என்பதை உள்ளபடி ஆராய்ந்து, அறிந்ததை மறவாமல் இருப்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கிழக்கு வெளுத்தது. ஆறு மணி அடிக்க இருபது நிமிஷம் இருக்கும்போது, இறங்க ஆயத்தமாகிறேன் என்று விமானி கப்பலுக்குத் தெரிவித்தார். அப்பொழுது கப்பலில் இருந்தவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். அமைதியான நீர்ப்பரப்பு ஒரு கண்ணாடி போன்றது. அதன்மேல் பறக்கிறவனுக்குத் தான் நூறு அடி உயரத்தில் இருக்கிறோமா, பத்து அடி உயரத்தில் இருக்கிறோமா என்பது புலப்படுவதில்லை. கண் பற்றிக்கொள்வதற்கு ஏதேனும் ஒன்று வேண்டும். ஆகவே, தீயணைக்க வைத்திருந்த நுரையைக் கப்பலிலிருந்து கடலில் கொட்டிக்கொண்டே சென்று, வாசலில் கோலமாவினால் நெடுங்கோடு இழுத்ததுபோல், நீல நீரின்மேல் ஒரு வெள்ளைக் கோட்டை இழுத்துவிட்டார்கள். விமானி அந்தக் கோட்டின்மேல் கண்ணை ஊன்றி, சக்கரங்களை உள்ளே இழுத்துக்கொண்டு, வேகத்தைக் குறைத்துக் குறைத்து இறங்கி வந்தார்.

6 மணி 15 நிமிஷத்துக்கு விமானம் நீரைத் தொட்டது. சிறிது தூரம் நீர்மேல் வழுக்கிச் சென்றது. அப்போது இறக்கையொன்று அலையில் தட்டியது. விமானம் வெடுக்கென்று திரும்பியது. மூக்குப் பகுதி நசுங்கியது. வால்புறம் ஒடிந்து விலகியது. ஆம், முந்தின வருஷம் ஒடிந்ததுபோலவே ஒடிந்தது. ஆனால் இம்முறை அதை ஒட்டிய இருக்கைகளில் ஒருவரும் இல்லை.

கதவுகள் திறந்தன. மிதவைகள் வெளியே தள்ளப்பட்டன. மூன்று மிதவைகளில் ஒன்று சரியாக விரியவில்லை. அதற்குள் கப்பலின் படகுகள் வந்து சேர்ந்துவிட்டதால் அதிலிருந்தவர்களைக் கைதூக்கிக்கொண்டார்கள். எல்லாரும் வெளியேறிய பிறகு, எவரேனும் உள்ளே தங்கிவிட்டார்களா என்று தலைமை விமானியும் துணை விமானியும் நீர் புகுந்த அந்தக் கூடத்தில் தேடிப் பார்த்துவிட்டுக் கடைசியாக வெளியே வந்தார்கள். 6 மணி 32 நிமிஷத்துக்குள் 31 பேரும் காப்பாற்றப்பட்டாயிற்று. சிலருக்கு இலேசான காயங்கள்; அவ்வளவே. 6 மணி 35 நிமிஷத்துக்கு விமானத்தின் எஞ்சிய பகுதியும் கடலுக்குள் சென்று மறைந்தது. சரக்கறையிலே கூண்டுகூண்டாக ஏற்றியிருந்த கேனரிப் பறவைகளை மட்டும் காப்பாற்ற வழியில்லாமற் போயிற்று. பறப்பதற்கென்றே பிறந்த அந்தச் சிறு ஜீவன்கள் கூண்டோடு நீரில் அமிழ்ந்ததை நினைக்கும்போது, மகிழ்ச்சியின் நடுவிலும் மனம் ஒரு கணம் கனத்துப்போகிறது.

நீரைத் தொட்டதிலிருந்து கடைசி ஆள் மீட்கப்படும் வரை ஆனது 17 நிமிஷம். முழுதும் அமிழ்ந்ததற்கும் அதற்கும் இடையே இருந்தது 3 நிமிஷம். இந்தச் சிறு கணக்கிலே எத்தனை ஆண்டுகளின் உழைப்பு அடங்கியிருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். கப்பல் அங்கே நில்லாதிருந்தால், விடியும்வரை பொறுக்காதிருந்தால், பின்னிருக்கைகளைக் காலி செய்யாதிருந்தால், ஒத்திகை பாராதிருந்தால், இந்த வரிசையில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் அந்தத் தாயின் மடி வெறுமையாகியிருக்கும். அற்புதம் என்று நாம் சொல்வது இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியைத்தான்.

சங்கிலி அறுந்துபோன இடங்களும் உண்டு. 1996-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதி, எத்தியோப்பிய விமானம் ஒன்றைக் கொடியவர் சிலர் கடத்தினார்கள். எரிபொருள் போதாது என்று விமானி எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் கேளாமல் அலைக்கழித்தார்கள். முடிவில் இயந்திரங்கள் நின்றுபோய், கொமொரோ தீவின் கரையருகே அது கடலில் விழுந்தது. 175 பேரில் 125 பேர் மாண்டார்கள். கரையிலிருந்தவர்கள் படகுகளோடு விரைந்து சென்றதால் பலர் பிழைத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் மோதலின்போது பிழைத்தவர்களிலும் சிலர், பதற்றத்தில் மிதவைச் சட்டையை விமானத்துக்கு உள்ளேயே காற்றூதி விரித்துவிட்டதால், உள்ளே புகுந்த நீரோடு கூரைக்கு எழும்பி, வாசலுக்குக் குனிந்து நீந்த முடியாமல் மூழ்கிப் போனார்கள். காப்பதற்கென்று கட்டிக்கொண்ட பொருளே காலனாயிற்று. வெளியே வந்த பிறகே விரிக்க வேண்டும் என்ற ஒரே ஒரு வாக்கியத்தைக் கவனித்துக் கேட்டிருந்தால், அவர்களில் சிலராவது இன்று நம்மிடையே இருக்கக்கூடும்.

சங்கிலி அறாமல் நின்றதற்கும் சான்று உண்டு. 2009-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி, நியூயார்க் நகரத்து ஹட்சன் நதியில் நிகழ்ந்ததை நீங்கள் எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். புறப்பட்ட சில நிமிஷங்களில் காட்டு வாத்துக்கள் மோதி இரண்டு இயந்திரங்களும் வலுவிழந்தன; வட்டமிட்டு விடியலுக்குக் காத்திருக்க அங்கே அவகாசம் இல்லை. வாத்துக்கள் மோதியதிலிருந்து நீரைத் தொடும்வரை மொத்தம் 208 விநாடிகள். அவ்வளவுக்குள் தலைமை விமானி சல்லன்பெர்கர் நதியைத் தேர்ந்து, அதில் விமானத்தை இறக்கினார். 155 பேரும் பிழைத்தார்கள். அங்கே காவலுக்கென்று ஒரு கப்பலும் நிறுத்தப்பட்டிருக்கவில்லை. ஆயினும் அன்றாடம் மக்களை அக்கரைக்கும் இக்கரைக்கும் ஏற்றி இறக்குகிற படகுகள், அழைப்புக்குக் காத்திராமல் திசை திருப்பி ஓடி வந்தன. முதற்படகு நான்கு நிமிஷத்துக்குள் வந்துவிட்டது. குளிர்ந்து உறையும் நிலையிலிருந்த அந்த நதியில் அந்தச் சில நிமிஷங்களே உயிருக்கும் மரணத்துக்கும் இடையேயிருந்த தூரம். அந்தப் படகோட்டிகள், ஆளைத் தண்ணீரிலிருந்து தூக்கும் முறையை முன்பே பழகியிருந்தவர்கள். அதனால்தான் வந்தவுடன் கைகள் தாமாகவே வேலை செய்தன. சல்லன்பெர்கரும் ஆக்கைப் போலவே, நீர் ஏறிக்கொண்டிருந்த கூடத்தில் இருமுறை நடந்து, ஒருவரும் இல்லை என்று கண்ட பிறகே வெளியே வந்தார். 52 ஆண்டு இடைவெளியில், வேறு நீரில், வேறு விமானத்தில், அதே கடமை, அதே நடை.

இன்று அந்தச் சமுத்திர நிலையங்கள் இல்லை. இயந்திரங்கள் உறுதி பெற்றன. வானத்திலே செயற்கைக் கோள்கள் வந்து வானிலையைப் பார்த்துச் சொல்லத் தொடங்கின. 1970-களில் அமெரிக்கக் கப்பல்கள் ஒவ்வொன்றாகத் திரும்ப அழைக்கப்பட்டன. நார்வே தேசம் வைத்திருந்த கடைசிக் கப்பலும் 2010-ஆம் ஆண்டு பிறந்தபோது தன் நிலையை விட்டு அகன்றது. ‘நவம்பர்’ நிலையம் இருந்த இடத்தில் இப்போது அலைகள் மட்டுமே இருக்கின்றன. அதற்காக நாம் வருந்த வேண்டியதில்லை. ஒரு காவலின் தேவை தீர்ந்தால் வேறொரு காவல் அதன் இடத்துக்கு வருகிறது. ஆனால் காவல் என்பதே தேவையில்லை என்ற நாள் ஒருபோதும் வராது.

நம்மிலும் பலர் இன்று கடல்மேல் பறக்கிறோம். சென்னையிலிருந்து அந்தமானுக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர், வங்கக் கடலைத் தாண்டியே போக வேண்டும். விமானம் புறப்படும்போது ஓர் இளம்பெண் நடுவழியில் நின்று, மஞ்சள் நிறச் சட்டையைத் தலைவழியே போட்டுக் காட்டி, வாசல்கள் இருக்கும் பக்கத்தைக் கையால் சுட்டுகிறாள். நாமோ பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருக்கிறோம், பக்கத்திலிருப்பவரோடு பேசிக்கொண்டிருக்கிறோம். அவள் ஒருநாளில் பலமுறை செய்து சலித்திருக்கக்கூடிய அந்தச் செய்கை, நடுக்கடலில் பலூன் பறக்கவிட்டுக்கொண்டு நின்றவர்களின் பணியைச் சேர்ந்ததே. அது பயன்படாமலே போகவேண்டும் என்பதுதான் அவளுடைய பிரார்த்தனையும் நம்முடைய பிரார்த்தனையும். ஆனாலும் அவள் ஒருநாளும் அதைச் செய்யாமல் விடுவதில்லை. அடுத்த முறை அவள் கையை உயர்த்தும்போது, அந்த இரண்டு நிமிஷம் தலை நிமிர்ந்து அவளைப் பாருங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.